மண்ணரையில் மூன்று பேருக்கு ஒரு கைப்பேசி

2025 ஆகஸ்ட் 5, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. வானம் முழுக்க மேகம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஆடிக் காற்று மட்டும். திருப்பூரில் ஒரு கல்லூரி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் அந்தக் காற்று என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. முப்பத்தொரு எட்டு வைத்து ஓடிப் பிடித்தேன். எனக்கு வயது எழுபத்தொன்று.

"மெதுவாங்க சார். காத்து உங்களையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிருமாட்ட இருக்குது" என்று சொல்லிக்கொண்டே எதிரே வந்தவர் சிவகாமி, அந்தக் கல்லூரியின் நூலகர். என்னை அழைத்தவர் அவர்தான்.

நான் மலேசியாவில் ஈப்போ நகரத்துக்காரன். அங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாணவர்கள் கைப்பேசியில் வருவதையெல்லாம் அப்படியே நம்பாமல், யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறு யாராவது அதையே சொல்கிறார்களா என்று பார்த்துப் பழக ஒரு செயலியை அந்த நூலகம் செய்திருந்தது. எங்கள் துறையில் இதற்குத் தகவல் அறிதிறன் என்று பெயர். செயலியின் பெயர் 'சரிபார்'; சிவகாமியின் கல்லூரி இந்த வருடம் அதை வாங்கிப் பயன்படுத்தியது. நாற்பது பயிற்சிகள், பதினான்கு நாட்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செய்தியோ படமோ வரும். அது எங்கிருந்து வந்தது என்று தேடி, வேறு சான்றோடு ஒப்பிட்டு, உண்மை, பொய், பாதி உண்மை என்று சொல்ல வேண்டும்.

அதன் முடிவுகளைப் பார்க்க இங்கே வந்திருக்க வேண்டியவர் எனக்குப் பின் வந்த நூலகர். அவருக்கு முதுகுவலி. எனக்கும் முதுகுவலிதான். ஆனால் தமிழ்க் கேள்விகள் நாற்பதையும் எழுதியவன் நான் என்பதால் என்னை அனுப்பிவிட்டார்கள்.

நூலகத்தில் இருபத்தாறு மின்விசிறிகள், அவற்றில் இருபத்து மூன்று சுற்றின. சிவகாமி தேநீரோடு ஒரு தாளையும் நீட்டினார். பி.காம். முதல் வருடத்தில் அறுபத்திரண்டு பேர் பயிற்சியை முடித்திருந்தார்கள். ஐம்பத்தொன்பது பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, மூன்று பெயருக்குச் சிவப்பு.

"ஒரே போன்ல மூணு பேரு கணக்கு ஓடியிருக்குதுங்க. மார்க்கும் ஒண்ணாட்டவே இருக்குது" என்றார்.

பார்த்தேன். மூவருக்கும் நாற்பதுக்கு முப்பத்தெட்டு. தவறவிட்ட இரண்டும் மூவருக்கும் அதே இரண்டு. ஒரு கைப்பேசியில் ஒரு மாணவர்தான் என்பது செயலியின் விதி. மீறினால் சிவப்புப் புள்ளி. அந்த விதியை எழுதியவனும் நான்தான். ஈப்போவில் ஒரு மாணவனிடம் இரண்டு கைப்பேசி இருக்கும். ஒன்றை மூன்று பேர் வைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"இதுக்குப் பத்து மார்க்குங்க. காப்பின்னு முடிவாச்சுன்னா பத்தும் போயிரும். அந்தப் பேப்பரையே அடுத்த வருசந்தான் எழுதோணும். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்னு துறைத் தலைவர் சொல்லியிருக்காருங்க."

பேனாவைத் திறந்தேன். சாட்சியம் இதற்கு மேல் என்ன வேண்டும்? சிவகாமி தேநீர் டம்ளரைத் தாளின் மேல், சரியாகக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தார்.

"ஆறிப்போயிருமுங்க, மொதல்ல குடிங்க. புள்ளைங்களை நாளைக்கு வரச் சொல்றேன். பாத்துட்டுப் போடுங்க."

அன்று மாலை விடுதிக்குப் போகும் வழியில் ஒரு தள்ளுவண்டியில் காளான் வாங்கிச் சாப்பிட்டேன். திருப்பூரில் சாயங்காலமானால் தெருவுக்குத் தெரு காளான் வண்டிதான். சிவப்பாக, சூடாக, வெங்காயம் தூவிக் கொடுத்தார்கள். நன்றாகவே இருந்தது. கரண்டியால் கிளறி எண்ணிப் பார்த்ததில் காளான் மூன்று துண்டு, மற்றதெல்லாம் முட்டைக்கோசு. வண்டிக்காரரிடம் கேட்டேன்.

"அப்புடித்தானுங்க சாமி. பேரு காளானுங்க" என்றார், கொஞ்சமும் சங்கடமில்லாமல்.

விடுதி அறையில் இன்னொரு கவலை. என் மைத்துனர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு அறிவிப்பை அனுப்பியிருந்தார். மலேசியர்கள் இந்தியாவில் ஏழு நாளுக்கு மேல் தங்கினால் காவல் நிலையத்தில் நேரில் போய்ப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் விமானத்தில் ஏற விடமாட்டார்கள் என்று. மேலே முத்திரை, கீழே கையெழுத்து. என் விமானம் திங்கள் இரவு. செவ்வாயிலிருந்து எண்ணினால் ஏழு நாள். வந்து சேர்ந்த திங்களைச் சேர்த்தால் எட்டு. புதன் காலை முதல் வேலையாகக் கடவுச்சீட்டுக்கு ஆறு நகலும் எட்டு புகைப்படமும் எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை பத்தரை மணிக்கு மூன்று பெண்களும் நூலகத்தில் வரிசையாக நின்றார்கள். பொன்மாரி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஜெபராணி, திசையன்விளைப் பக்கம். மூன்றாவது பெண் பிங்கி. பீகாரில் பிறந்து நான்கு வயதில் திருப்பூருக்கு வந்தவள். மூன்று வீட்டாரும் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள். மண்ணரை என்ற பகுதியில் ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வீடுகள்.

"காப்பி அடித்தீர்களா?" என்று கேட்டேன். நூலகர்களுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"இல்ல சார். பேட்ச் பிரிச்சிச் செஞ்சோம்" என்றாள் பொன்மாரி.

எனக்குப் புரியவில்லை. சிவகாமிக்குப் புரிந்துவிட்டது; வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"கம்பெனியில ஒரு பனியன ஒரே ஆளு தைக்க மாட்டாவ சார். ஒரு ஆளு கை வச்சுத் தருவாவ, ஒரு ஆளு கழுத்துப் பட்டி போடுவாவ, ஒரு ஆளு மடிச்சு அடிப்பாவ. அதே மாதிரி நான் தேடிக் குடுப்பேன். இங்கிலீசு, இந்தில இருக்கத பிங்கி வாசிச்சி, படம் எப்பம் எடுத்ததுன்னு பாப்பா. கடைசியில ஜெபா செக்கிங். மூணு பேரு கணக்குலயும் நாப்பது, நாப்பதா நூத்தி இருவது பீஸு."

"பதினோரு நாள்ல முடிச்சிட்டோம். மூணு நாளு மிச்சம்" என்றாள் பிங்கி. அவள் பேச்சும் அச்சு அசல் தென்பாண்டிப் பேச்சாகவே இருந்தது. அதைக் கேட்டு நான் விழித்ததைப் பார்த்து அவளே விளக்கினாள். "எங்க அப்பா இந்தில ஏசுவாவ, நான் தமிழ்ல பதில் சொல்லுவேன். ரெண்டு பேருக்கும் நல்லாப் புரியும் சார்."

செக்கிங் என்று சொன்னது ஜெபராணியை. காலைக் கல்லூரி முடிந்ததும் வேனில் அருள்புரம் போய், ஒரு கம்பெனியில் செக்கிங் மேசையில் அரை ஷிப்டு வேலை பார்க்கிறவள் அவள். தைத்து வரும் பனியனை விரித்துப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது வேலை. நான் தாளை அவள் பக்கம் திருப்பிச் சிவப்புப் புள்ளியைக் காட்டினேன்.

அவள் தாளைத் தூக்கி, பனியனைப் பார்ப்பது போல இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"சார், செக்கிங்ல ஒரு பீஸ சும்மா ரிஜெக்டுன்னு தூக்கிப் போட முடியாது. எந்த எடத்துல ஓட்ட, எந்த எடத்துல கறன்னு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டணும். ஸ்டிக்கர் இல்லன்னா சூப்பர்வைசர் திருப்பிக் குடுத்துருவாவ. எங்க பதில்ல எது தப்புன்னு இதுல ஸ்டிக்கர் இல்லயே சார்."

"ஒரே கைப்பேசி. அதுதான் தப்பு."

"அது பீஸுல உள்ள தப்பு இல்ல சார். டேபிள்ல உள்ள தப்பு."

நான் பேனாவை மூடினேன். கோபமாகத்தான் மூடினேன் என்று நினைவு. ஆனால் அன்று மாலை முழுவதும் அந்த நூற்றிருபது பதில்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பச்சைப் புள்ளி வாங்கிய ஐம்பத்தொன்பது பேரில் முப்பத்தெட்டு எடுத்தவர் ஒருவர்கூட இல்லை. அதிகம் முப்பத்து நான்கு.

வியாழக்கிழமை மண்ணரைக்குக் கிளம்பினேன். மூன்று வீட்டுக்கு ஒரு கைப்பேசி என்று அவர்கள் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. சொன்னதைப் பார்க்காமல் நம்பக் கூடாது என்று நாற்பது கேள்வி எழுதியவன் அதைப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. பேருந்து நடத்துனர் "ஏழாவது ஸ்டாப்புங்க சாமி" என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்து விரலை மடக்கி எண்ணினேன். பேருந்து நின்றதை எல்லாம் எண்ணினேன். ஆள் இல்லாத நிறுத்தங்களில் அது நிற்காமல் போனதை எண்ணவில்லை. என் கணக்கில் ஏழாவது வந்தபோது இரண்டு பக்கமும் சோளக்காடு.

நடத்துனர் என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங்க சாமி, நான் மண்ணரை மண்ணரைன்னு கத்துனனே, காதுல உழுகலீங்களா?"

"எண்ணிக்கொண்டிருந்தேன்" என்றேன்.

இறங்கி, எதிர்த் திசைப் பேருந்துக்கு முப்பத்தைந்து நிமிடம் நின்றேன். எங்கள் ஈப்போ பேருந்தில் நிறுத்தத்தின் பெயர் திரையில் ஓடும், யாரும் கத்த மாட்டார்கள். இறங்கத் தவறினாலும் யாரும் வருத்தப்பட மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த நடத்துனர் பேருந்து கிளம்பிய பிறகும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அந்தப் பக்கம் நில்லுங்க, இந்தப் பக்கம் இல்லீங்க என்று கையைக் காட்டிக்கொண்டே போனார்.

காம்பவுண்டில் எட்டுக் கதவுகள், இரண்டு தண்ணீர்க் குழாய்கள். ஐந்தாவது கதவு ஜெபராணி வீடு. அவளுடைய அம்மா தங்கம் அன்று காய்ச்சலில் விடுப்பு. கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றதற்கு, "குடிங்கய்யா, காய்ச்சக்காரி கையால குடிச்சா ஒண்ணும் ஒட்டிக்கிடாது" என்றார். ஒட்டிக்கொள்ளும் என்றுதான் நான் பயந்தேன். குடித்துவிட்டேன்.

கைப்பேசியைப் பற்றிக் கேட்டேன். பொன்மாரியின் அம்மாவுடையது அது. காலை எட்டு மணிக்கு அவரோடு கம்பெனிக்குப் போகும், வாசலில் காவலாளியிடம் இருக்கும், இரவு ஒன்பதுக்கு வீட்டுக்கு வரும். ஜெபராணி வீட்டில் இருப்பது பொத்தான் கைப்பேசி. பிங்கியின் அண்ணன் தன்னுடையதைத் தொடவே விடமாட்டான். செயலியின் பதிவில் மூவரின் நேரமும் ஒன்பதரைக்கு மேலேயே இருந்தது ஏன் என்று எனக்கு இப்போது விளங்கியது.

"ஐயா, ஒண்ணு கேக்கேன்" என்றார் தங்கம். "இவ காப்பி அடிச்சாளா, இல்லியா?"

"அதைத்தான் பார்க்க வந்தேன்."

"பாத்துச் சொல்லுங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவ சொல்லுதத நம்புதேன். காப்பி அடிச்சான்னு காலேஜுல பேரு வந்துட்டுன்னா நான் படிப்ப நிறுத்திருவேன். கோவத்துல சொல்லல. அவளே இன்னைக்கிக் காலையில சொல்லிட்டா, 'எம்மா, அந்தப் பேரோட நான் அங்க போயி உக்கார மாட்டேன், முழு ஷிப்டுக்கு வாரேன்'ன்னு."

திரும்பி வரும்போது நிறுத்தங்களை எண்ணவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை துறைத் தலைவரைப் பார்த்தேன். என்னைவிட இருபது வயது இளையவர், அமைதியானவர். நான் பதினைந்து நிமிடம் பேசியதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"போன் விசயம் சரிங்க சார், அதை விட்டுரலாம். ஆனா மத்த அம்பத்தொம்பது பேரும் தனித்தனியாச் செஞ்சிருக்காங்க. இந்த மூணு பேருல ஒவ்வொருத்தருக்கும் முழு வேலையும் தெரியுமுங்களா? ஒரு புள்ளைக்குத் தேட மட்டுந்தான் தெரியும், ஒண்ணுக்குச் செக்கிங் மட்டுந்தான் தெரியும்னா, நான் எப்புடிங்க மூணு பேருக்கும் மார்க்கு போடறது?"

நியாயமான கேள்வி. செவ்வாய்க்கிழமை துறைக் குழு கூடும், ஒவ்வொரு பெண்ணும் தனியாக ஒரு புதிய செய்தியை முழுதாகச் சரிபார்த்துக் காட்டட்டும், நேரம் முப்பது நிமிடம் என்றார். விதியை எழுதியவர் என்ற முறையில் நான் கூட இருக்க வேண்டும் என்றும் சொன்னார். என் விமானம் திங்கள் இரவு என்றேன். "அப்பப் பழைய தாள்லயே கையெழுத்துப் போட்டுட்டுப் போகோணுங்க. வேற வழியில்லீங்க" என்றார்.

அன்று மதியமே நூலகத்தில் என் கைப்பேசியைக் கொடுத்து முயன்று பார்த்தோம். பொன்மாரி பதினான்கு நிமிடம். பிங்கி பதினேழு. ஜெபராணி முழுச் செய்தியையும் ஒரு எழுத்து விடாமல் தேடும் பெட்டியில் அடித்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தாள். இருபத்தெட்டு நிமிடம் கழித்துக் கைப்பேசியை மேசையில் வைத்தாள்.

"இந்த மிஷினு எனக்கு ஓடாது சார். யாராவது எடுத்து முன்னால வச்சா, சரியா தப்பான்னு சொல்லிருவேன். எடுக்கத் தெரியாது."

"ஏட்டி, ஹெல்பரா இருந்தவளுக எல்லாம் எப்படி டெய்லர் ஆனாளுவ?" என்றாள் பொன்மாரி. "சாப்பாட்டு நேரத்துல காலி மிஷின்ல உக்காந்துதான? நாளைக்கி நான் வாரேன்."

சனிக்கிழமை கல்லூரி கிடையாது, ஜெபராணிக்கு முழு ஷிப்டு. அருள்புரத்தில் அவள் கம்பெனி வாசலுக்கு எதிரே ஒரு பேக்கரி. பன்னிரண்டு இருபதுக்கே நானும் பொன்மாரியும் பிங்கியும் போய் ஒரு மேசையைப் பிடித்துவிட்டோம். என் கைப்பேசியில் மின்னேற்றம் எண்பத்திரண்டு சதவீதம். தேங்காய் பன் சொன்னேன். கைப்பேசியின் மேல் எண்ணெய் படக் கூடாது என்று தின்னாமல் வைத்திருந்தேன்.

கம்பெனி வாசலில் காவலாளி கைப்பேசிகளை, கோயில் வாசலில் செருப்பை வாங்குவது போல, துணிப்பையில் வாங்கி வைத்து டோக்கன் கொடுப்பார். சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும். பக்கத்து மேசையில் இரண்டு வட இந்திய இளைஞர்கள் என்னைப் பார்த்து ஏதோ பேசிச் சிரித்தார்கள். பிங்கி மொழிபெயர்த்தாள்.

"'இந்தத் தாத்தா புதுசாச் சேர வந்துருக்காரு போல, போன வெளியவே வச்சிட்டுப் போகணும்னு யாராவது சொல்லுங்கடே'ங்காவ."

பன்னிரண்டரைக்கு ஜெபராணி சாப்பாட்டு டப்பாவோடு ஓடி வந்தாள். முக்கால் மணி நேரம் இடைவேளை. பயிற்சிக்கு ஒரு செய்தி வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது ஒன்றுதான்: மைத்துனர் அனுப்பிய காவல் நிலைய அறிவிப்பு. நான் அதை நம்பியிருக்கிறேன் என்று சொல்லவில்லை.

ஜெபராணி முதல் வரியை அப்படியே அடிக்கத் தொடங்கினாள். பொன்மாரி அவள் கையில் தட்டினாள்.

"முழுத் துணியையும் மிஷினுக்குள்ள திணிப்பியாட்டி? தையல் வார எடத்த மட்டும் வையி. இதுல எது இல்லன்னா இது வேற செய்தி ஆயிரும்?"

ஜெபராணி யோசித்தாள். "மலேசியா. போலீசு. ஏழு நாளு. பதியணும்."

"அந்த நாலு போதும்."

நான் கடிகாரத்தையும் மின்னேற்றத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தாறு சதவீதம். எழுபத்தொன்று. ஒரு கையில் சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டு, மற்றக் கையின் கட்டை விரலால் அவள் தேடினாள். பொன்மாரி இரண்டு தடவை கைப்பேசியைப் பிடுங்கப் போய், இரண்டு தடவையும் தன்னைத் தானே அடக்கிக்கொண்டாள். பத்தொன்பதாவது நிமிடத்தில் ஜெபராணி நிமிர்ந்தாள்.

"சார், இதே தாளு, இதே முத்திர, இதே கையெழுத்து. நாலு வருசத்துக்கு முந்தி வேற நாட்டுப் பேரு போட்டு வந்துருக்கு. அப்பமே பொய்யின்னு சொல்லிட்டாவ. அரசாங்கப் பக்கத்துல தேடுனேன், உங்கள மாதிரி சுத்திப் பாக்க வந்தவியளுக்கு ஏழு நாளுன்னு ஒண்ணும் இல்ல. இங்க பாருங்க, தேதிய மட்டும் மாத்திருக்காவ. எழுத்து வேற மாதிரி இருக்கு."

அவள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையின் பின்பக்கம் ஒரு துண்டு ஸ்டிக்கர் தாள் ஒட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு சிவப்பு அம்புக்குறியை உரித்து, என் கைப்பேசித் திரையில் அந்தத் தேதிக்கு நேராக ஒட்டினாள். கை பழக்கத்தில் செய்துவிட்டாள். செய்தபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இத யாரு சார் உங்களுக்கு அனுப்புனா?" என்றாள் பிங்கி.

"ஒரு முட்டாள்" என்றேன். என் சட்டைப் பையில் எட்டு புகைப்படங்கள் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சிவகாமி வீட்டில் மதியச் சாப்பாடு. மங்கலம் போகும் சாலையில் வீடு. அரிசிம்பருப்புஞ் சோறும் நெய்யும் கத்திரிக்காய்ப் பொரியலும். முதுகுவலி, அஜீரணம் எல்லாவற்றையும் மறந்து மூன்று தடவை வாங்கிக்கொண்டேன். அவருடைய அண்ணன் நாற்பது மிஷின் வைத்துப் பனியன் கம்பெனி நடத்துகிறவர். கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒருத்தனே முழு பனியனும் தச்சான்னா நான் கம்பெனிய மூடீட்டுத் தோட்டத்துக்குப் போயிர வேண்டியதுதானுங்க. பிரிச்சுத்தான் செய்யோணும். ஆனா ஒண்ணுங்க, ஒருத்தன் லீவு போட்டான்னா லைனே நின்னுபோகுது. அதனால ரெண்டு மிஷின் ஓட்டத் தெரிஞ்ச ஆளுன்னா நான் உடவே மாட்டேனுங்க."

"நாளைக்கு ராத்திரி உங்களுக்கு ஃப்ளைட்டுங்களே சார்" என்றார் சிவகாமி, மோர் ஊற்றிக்கொண்டே. அவர் கேட்டது அவ்வளவுதான்.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து கைப்பேசியைத் திறந்தேன். பயண நாளை வியாழக்கிழமைக்கு மாற்ற நான்கு முறை முயல வேண்டியிருந்தது. மூன்று முறை நானே பயந்து பின்வாங்கினேன். எவ்வளவு பிடித்தார்கள் என்று அங்கே சொல்லவில்லை. சொன்னால் மோர் இறங்காது.

ஈப்போவில் என் மகளுக்குத் தகவல் சொன்னேன். "அப்பா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். முப்பத்து நான்கு வருட வேலையில் நான் ஒரு நாள்கூடத் தேதி மாற்றியவன் இல்லை.

திங்கள் மதியம், ஜெபராணி ஷிப்டுக்குப் போகுமுன், மறுபடி பேக்கரி. எண்பத்தைந்து சதவீதம். இந்தத் தடவை ஜெபராணிக்கு இருபத்து மூன்று நிமிடம் ஆனது; நான்கு நிமிடம் கூடிவிட்டது. நான் கடிகாரத்தை இரண்டு தடவை சரிபார்த்தேன். அவள், "புது மாடலு வந்தா மொத நாளு அப்படித்தான் சார், பொறவு வேகம் வந்துரும்" என்று சொல்லிவிட்டு டப்பாவைக் கழுவப் போனாள்.

செவ்வாய், ஆகஸ்ட் 12. நூலகத்தின் பின்னறை. துறைத் தலைவர், இன்னும் இரண்டு ஆசிரியர்கள், சிவகாமி, நான். மேசையில் என் கைப்பேசி, நூறு சதவீதம். செய்திகளைத் துறைத் தலைவரே தேர்ந்தெடுத்துவந்திருந்தார், எனக்குக்கூடத் தெரியாது.

பிங்கி பதினாறு நிமிடத்தில் முடித்தாள். யாரும் கேட்காமலேயே அந்தச் செய்தியின் இந்தி மூலத்தில் இருந்த ஒரு தவற்றையும் சொன்னாள். பொன்மாரி பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாச் சான்றையும் எடுத்துவிட்டு, முடிவை மட்டும் தப்பாகச் சொன்னாள். பாதி உண்மை என்பதைப் பொய் என்றாள். நாங்கள் அவ்வளவு நம்பியிருந்தவள் அவள். துறைத் தலைவர் பத்துக்கு ஏழு எழுதினார். பொன்மாரி வெளியே வந்து, "செக்கிங்க எப்பவும் இவதானே பாப்பா" என்று ஜெபராணியைக் கைகாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள்.

ஜெபராணி கடைசி. செய்தி ஒரு குடிநீர்ப் பரிசோதனையைப் பற்றியது. முழுப் பக்கம் நீளம். அவள் அதை இரண்டு முறை படித்தாள். அதிலேயே ஐந்து நிமிடம் போனது. பிறகு நான்கு சொல் அடித்தாள், வரவில்லை. ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டாள், வரவில்லை. பதினெட்டாவது நிமிடத்தில் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டாள். துறைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். நான் மேசைக்கு அடியில் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தேன்.

இருபத்தேழாவது நிமிடம் அவள் தலையை நிமிர்த்தினாள். பரிசோதனை நடந்தது உண்மை, ஆனால் அது வேறு ஊரில்; எண்கள் உண்மை, ஆண்டு பழையது; முடிவு பாதி உண்மை. மூன்று சான்றையும் திறந்து வைத்திருந்தாள்.

"எது தப்புன்னு காட்டும்மா" என்றார் துறைத் தலைவர்.

அவள் தன்னையறியாமல் அடையாள அட்டையின் பின்பக்கத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். அன்று கல்லூரி அட்டை. அதில் ஸ்டிக்கர் இல்லை. விரலால் இரண்டு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். ஊர். ஆண்டு.

துறைத் தலைவர் பத்து என்று எழுதிவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். மூன்று சிவப்புப் புள்ளியையும் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். சிவகாமி இந்தத் தடவை டம்ளரைத் தள்ளி வைத்திருந்தார். ஒரு கைப்பேசியில் ஒரு மாணவர் என்ற விதியை எடுத்துவிட வேண்டும், தேடுவது, ஒப்பிடுவது, முடிவு சொல்வது மூன்றையும் மாணவர்கள் முறை மாற்றிச் செய்ய வேண்டும் என்று அன்றே ஈப்போவுக்கு எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.

வியாழக்கிழமை கோயம்புத்தூர் விமான நிலையத்தில் யாரும் என்னிடம் காவல் நிலையப் பதிவைக் கேட்கவில்லை. பாதுகாப்புச் சோதனையில் இருந்த பெண் மட்டும் என் கைப்பேசித் திரையைக் காட்டி, இது என்ன ஸ்டிக்கர், எடுக்கலையா என்றார். எடுக்கவில்லை என்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் எடுக்கவில்லை. மைத்துனரின் பெயர் திரையில் வரும்போதெல்லாம் அந்த அம்புக்குறி சரியாக அதன் மேல் நிற்கிறது.

விமானச் சீட்டை மாற்றியது, விடுதியில் கூடுதலாக மூன்று இரவு, சோளக்காட்டிலிருந்து மண்ணரைக்குத் திரும்பிய பேருந்துச் சீட்டு, தின்னாமல் விட்ட தேங்காய் பன் ஒன்று, ஆறு நகல், எட்டு புகைப்படம்: எல்லாம் சேர்ந்து என் கையிலிருந்து போனது 1,184 மலேசிய ரிங்கிட் 60 சென்.